சங்கத்தின் பேரில் எதற்கு?

கேள்வி: எங்கள் ஊர் வாத்தியார் தொகுத்த தாலாட்டு, நடவுப்பாட்டுப் புத்தகம் 1984இல் வந்தது. இப்போது பிரதியே கிடைப்பதில்லை. அவர் 1991இல் காலமானார். வாரிசுகள் மூன்று பேர், ஒருவர் துபாயில். 40,000 ரூபாய் கேட்கிறார்கள். ஊரில் வசூல் செய்து, உரிமையை எங்கள் சங்கத்தின் பேரில் வாங்கி இணையத்தில் இலவசமாக விடலாம் என்றிருக்கிறோம். ஊர்ப்பாட்டுக்குப் பணம் கேட்பது நியாயமா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: நியாயம்தான். பாட்டு ஊருடையது, சரி. ஆனால் யார் பாடியது, எந்த வயலில் பாடியது, மலையாளச் சொல் கலக்கிற இடத்தில் என்ன பொருள் என்று வாத்தியார் அலைந்து எழுதிய குறிப்பும், அவர் அடுக்கிய வரிசையும் ஊருடையவை அல்ல. காசு கொடுக்க மனமில்லையென்றால் நீங்களே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு களையெடுக்கும் அம்மாக்களிடம் போய்ப் புதிதாக எழுதி வாருங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை. திருவிழாவுக்கு யானை கொண்டுவருகிறீர்களே, அந்த வாடகை நியாயமா என்று இதுவரை ஒரு கடிதமும் எனக்கு வந்ததில்லை.

எனக்கு உறுத்துவது அந்த 'சங்கத்தின் பேரில்'தான். வாங்குவது வேறு, விடுவது வேறு. பாரதி பாடல்களின் உரிமை 1949இல் அரசின் கைக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று பொதுவில் விட மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. அரசே அப்படியென்றால், உங்கள் அடுத்த செயலாளர் யாரோ, அவர் ஒரு பதிப்பகத்துக்குத் தள்ளிவிட்டால் என்ன செய்வீர்கள்? எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டு உரிமை இருக்கும் என்பது சட்டம், அதாவது இந்தப் புத்தகத்துக்கு 2051 முடியும்வரை.

அதனால் வாரிசுகளே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பகிரலாம் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் அனுமதி தருகிற பொது உரிமத்தில், வெளியிடட்டும், அந்தக் கையெழுத்துக்குத்தான் 40,000. முத்திரைத்தாளில் 'உரிமை தந்தோம்' என்று ஒற்றை வரி எழுதி வாங்கிப் பீரோவில் வைத்துவிடாதீர்கள். காலம் குறிப்பிடாத பத்திரத்துக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டுதான் ஆயுள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். பழைய பதிப்பகத்தோடு வாத்தியார் ஏதாவது ஒப்பந்தம் போட்டிருந்தாரா என்றும் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

'யாரும் விற்கக் கூடாது' என்று ஒரு நிபந்தனை போடலாமே என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் எழுந்திருப்பார். போடாதீர்கள். வேலந்தாவளத்தில் ஒருவர் அச்சடித்து 80 ரூபாய்க்கு விற்றால் விற்கட்டுமே, போன் பார்க்கத் தெரியாத கிழவிக்கு அந்தப் புத்தகம்தான் போய்ச்சேரும். வாத்தியார் பேர் அட்டையில் இருக்க வேண்டும், அது போதும்.

இன்னொன்று, பக்கங்களைப் படம் பிடித்துப் போட்டால் ஒரு வரியைத் தேடி எடுக்க முடியாது. தட்டச்சுக்கும் மெய்ப்புக்கும் சேர்த்தே வசூலியுங்கள். அதற்கு முன்னால் துபாய்க்காரரிடம் பேசுங்கள். மூன்று பேரும் சம்மதித்த பிறகு நோட்டீஸ் அடிக்கலாம். தொகை சேராவிட்டால் பணம் திரும்பி வரும் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.