மருத்துவம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தந்தைக்கு ஏ.எல். அமிலாய்டோசிஸ். மூன்று மாதமாக டாராடுமுமாப், போர்டெசோமிப், சைக்ளோபாஸ்பமைடு, டெக்சாமெத்தசோன் தருகிறார்கள். ரத்தத்தில் லைட் செயின் நன்றாக இறங்கிவிட்டதாம். ஆனால் கால் வீக்கமும் மூச்சிரைப்பும் அப்படியே இருக்கின்றன. மருந்து பலிக்கவில்லையா?

பதில்: பலிக்கிறது. எலும்பு மஜ்ஜையில் கெட்டுப்போன பிளாஸ்மா செல்கள் (நோய் எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும் செல்கள்) லைட் செயின் என்ற புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. அது மடிப்புப் பிசகி, நார்நாராக இதயத்திலும் சிறுநீரகத்திலும் படிகிறது. இதுதான் ஏ.எல். அமிலாய்டோசிஸ். இந்த நான்கு மருந்துகளும் சுரக்கும் செல்களைத்தான் அழிக்கும். ஏற்கெனவே படிந்ததைக் கரைக்காது. அதை உடல்தான் மெல்ல மெல்ல அகற்ற வேண்டும். அதற்கு 6 மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு இன்னும் அதிகம் ஆகும். படிவு முற்றிப்போன உறுப்பு முழுதாகத் தேறாமலும் போகலாம்.

எனவே கால் வீக்கத்தை மட்டும் வைத்து மருந்தை எடை போடாதீர்கள். இதயத்துக்கு என்.டி.-புரோபி.என்.பி. (இதயம் திணறும்போது ரத்தத்தில் ஏறும் புரதம்), சிறுநீரகத்துக்கு 24 மணி நேரச் சிறுநீர்ப் புரதம்: இவை 30 சதவீதத்துக்கு மேல் குறைகின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சிறுநீரகம் மோசமானால் என்.டி.-புரோபி.என்.பி. தானாகவே ஏறும்; அதை இதயக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது.

வீக்கத்தில் டெக்சாமெத்தசோனுக்கும் பங்குண்டு. வாரம் ஒருமுறை 20 முதல் 40 மி.கி. எடுக்கும்போது உடலில் நீர் தேங்கும், சர்க்கரை ஏறும், தூக்கம் கெடும். காலையில் சாப்பிட்ட பிறகு எடுப்பது நல்லது. தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன் எடை பாருங்கள். 3 நாளில் 2 கிலோ கூடினால், அடுத்த ஊசி நாள்வரை காத்திராமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நீர் மாத்திரையை நீங்களாகவே கூட்ட வேண்டாம். இந்த நோயில் எழுந்து நின்றாலே ரத்த அழுத்தம் சரியக்கூடும். சைக்ளோபாஸ்பமைடுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது பொதுவான அறிவுரை. இதயம் பலவீனமானவருக்கு அது பொருந்தாது, அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதத்தில் மதமதப்போ எரிச்சலோ தொடங்கினால் உடனே சொல்லுங்கள். போர்டெசோமிப் அளவை அப்போதே குறைத்தால் நரம்பு தப்பும், பொறுத்துக்கொண்டால் நிரந்தரமாகலாம். அக்கி வராமலிருக்கத் தரும் அசைக்ளோவிரையும் விட்டுவிடாதீர்கள். கிரீன் டீ வேண்டாம். போர்டெசோமிப்பைச் செயலிழக்கச் செய்யும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.

கேள்வி: டாராடுமுமாப் போடுபவருக்கு ரத்தம் ஏற்றலாமா?

பதில்: ஏற்றலாம், ஆனால் ரத்த வங்கிக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். இம்மருந்து சிவப்பணுக்களிலும் ஒட்டிக்கொள்வதால் பொருத்தச் சோதனையில் பொய்யான எதிர்ப்பு தெரியும். கடைசி ஊசிக்குப் பிறகும் 6 மாதம்வரை இது நீடிக்கலாம். முதல் ஊசிக்கு முன் எடுத்த ரத்த வகைப் பரிசோதனை முடிவைப் பத்திரமாக வைத்திருந்தால், அவசரத்தில் வீணாகும் நேரம் மிச்சம்.