விளக்கைப் போட்டால் தாவும் எரிபொருள் அழுத்தம்

கேள்வி: நான் வீட்டில் கட்டிவரும் ஆர்வி-7 விமானத்தில், கார்புரேட்டர் உள்ள லைகமிங் ஓ-360 எஞ்சினைப் பொருத்தியுள்ளேன். எஞ்சின் ஓடும்போது தரையிறங்கும் விளக்கைப் போட்டால் எரிபொருள் அழுத்த அளவு தாவுகிறது. மூன்று வயர் சென்சாரின் எர்த் வயரை எஞ்சினிலேயே இணைத்திருக்கிறேன். சென்சார் பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை, எர்த் இணைத்த இடத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். இவ்வகைச் சென்சார் 5 வோல்ட் பெற்று, அழுத்தம் இல்லாதபோது 0.5 வோல்ட்டும் முழு அளவில் 4.5 வோல்ட்டும் தரும். முழு அளவு 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு என்ற அழுத்த அலகு) எனக் கொண்டால், 0.1 வோல்ட் பிழையே ஏறத்தாழ 0.4 பிஎஸ்ஐ வேறுபாடாகத் தெரியும். உங்கள் எஞ்சினுக்குரிய கீழ்வரம்போ வெறும் 0.5 பிஎஸ்ஐ. ஆல்டர்னேட்டரின் மின்னோட்டம் எஞ்சின் உடல் வழியாகச் செல்வதால், விளக்கு எரிந்ததும் அங்குள்ள மின்னழுத்தம் சற்று நகர்கிறது; அளவைக் காட்டும் மானி அதை எரிபொருள் அழுத்த மாற்றமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே, எர்த் வயரை எஞ்சினிலிருந்து எடுத்து, சிக்னல் வயருடன் சேர்த்து முறுக்கி, மானியின் எர்த் முனைக்கே கொண்டுசெல்லுங்கள். எஞ்சினை விமான உடலுடன் மின்சாரமாக இணைக்கும் எர்த் பட்டையையும் சோதியுங்கள்.

சென்சாரை எஞ்சினிலேயே திருகியிருந்தால், அதிர்வில் இணைப்பு முறியக்கூடும். சென்சாரை எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் இடையிலுள்ள தீத்தடுப்புச் சுவரில் பொருத்தி, எஞ்சின் முனையில் நுண்துளை இணைப்பி வைத்து ஹோஸ் இழுங்கள். துளை மிகச் சிறியது என்பதால், ஹோஸ் அறுந்தாலும் எரிபொருள் பீறிடாது.