குழிநரி வளர்ந்தால் தட்டானாகுமா?

கேள்வி: திண்ணை ஓரத்து மணலில் கூம்பு மாதிரி குழி பறிக்கும் குழிநரிப் பூச்சி, பெரிதானால் தட்டானாக மாறிவிடும் என்கிறார்களே, உண்மையா?

ஆகாது. ஆனால் அப்படிச் சொல்கிறவர்கள் மேல் முழுத் தப்பும் இல்லை. குழிநரிக்கு இறக்கை முளைத்ததும் பார்த்தால் யாருக்கும் தட்டான் ஞாபகம்தான் வரும்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இந்தக் குழிகளைப் பார்க்காதவர்கள் குறைவு. கல்யாணத்துக்கும் பிள்ளையார் நோன்புக்கும் மட்டும் திறக்கிற வீடுகளின் வெளிச்சுவர் ஓரம், சாரல் படாத இடத்தில் பொடிமண் சேர்ந்தால் போதும், குடியேறிவிடும். முழு வளர்ச்சிக்கு ஒரு வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும் என்பதால் அதற்கு முக்கியத் தேவை யாரும் பெருக்காத இடம். எங்கள் ஊர்களில் அதற்குப் பஞ்சமே இல்லை.

பின்பக்கமாகவே நகர்ந்து, வட்டம் வட்டமாகச் சுற்றிக் குழி தோண்டும். எறும்பு தவறி விழுந்து மேலே ஏறப் பார்த்தால், தலையால் மண்ணை வாரி இறைத்துச் சரிய வைக்கும். அரிவாள் போல வளைந்த இரண்டு தாடைகளால் பிடித்து, செரிமான நீரை உள்ளே செலுத்தி, கரைந்ததை உறிஞ்சிவிட்டுச் சக்கையை வெளியே எறியும். எனக்கு இதில் பெரிய வியப்பு வேறு. இந்தப் புழுப் பருவத்தில் அது மலம் கழிப்பதே இல்லை. குடல் நடுவில் அடைபட்டிருக்கும், கழிவெல்லாம் உள்ளேயே சேரும். இறக்கை வந்த பிறகுதான் மொத்தமாக வெளியேற்றும்.

புழுவாக மூன்று வளர்ச்சிப் படிகளைக் கடந்த பின், வயிற்றின் பின்முனையிலிருந்து வரும் பட்டு இழையால் மண்துகள்களை ஒட்டி, உருண்டையாக ஒரு கூடு கட்டும். உள்ளே கூட்டுப்புழுவாகிறது. பழைய திசுக்களில் பல சிதைந்து, இறக்கையும் நீண்ட உடலும் உருவாகின்றன. பிறகு கூட்டைக் கடித்துத் துளைத்து வெளியே வருகிறது. முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என்ற இந்த முழு உருமாற்றம்தான் வண்ணத்துப்பூச்சிக்கும் வண்டுக்கும் உள்ளது.

தட்டான் கதையே வேறு. அதன் குழந்தைப் பருவம் ஊருணியிலும் கண்மாயிலும், தண்ணீருக்கு அடியில். மடக்கி வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென நீட்டிக் கொசுப்புழுவைப் பிடிக்கும். பத்து தடவைக்கு மேல்கூடத் தோலுரிக்கும். கூட்டுப்பருவம் கிடையாது, இறக்கை மொட்டுகள் முதுகின் மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக வளரும். கடைசியில் கோரைத் தண்டிலோ ஊருணிப் படிக்கல்லிலோ ஏறித் தோலை உரித்துப் பறந்துவிடும். அந்தக் காலித் தோல் அங்கேயே ஒட்டிக் கிடக்கும். 'தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை' என்பார்களே, மழையோடு கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான் தேங்கிய மழைத் தண்ணீரிலேயே முட்டையிட்டுவிடும். நம்மூர்க் குட்டை வற்றுவதற்குள், ஒன்றரை இரண்டு மாதத்தில், குஞ்சுகள் பறக்கத் தயார்.

ஒன்று கூடு கட்டுகிறது, மற்றது கட்டவில்லை என்றாலும், இரண்டையும் ஆட்டி வைப்பது ஒரே மாதிரி ஹார்மோன்கள்தான். எக்டைசோன் தோலுரிக்கச் சொல்லும். இளம்பருவ ஹார்மோன் 'இன்னும் சின்னப் பிள்ளையாகவே இரு' என்று தடுத்து வைக்கும். இது வற்றினால்தான் முதிர் உருவம். 1930களில் விகில்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவான ரோட்னியஸின் தலையை வெட்டிப் பார்த்துத்தான் இந்த வழியைத் திறந்தார். தலைக்குள் இந்த இளம்பருவ ஹார்மோனைச் சுரக்கும் சுரப்பி போனதும், இளம்பூச்சி காலத்துக்கு முன்பே முதிர்ந்த உருவ அடையாளங்களோடு தோலுரித்தது. தலை இல்லாமலும் அவ்வளவு நாள் உயிரோடு இருந்தது என்பது தனிக் கூத்து.

சரி, எப்படி அடையாளம் காண்பது? ராத்திரி ட்யூப்லைட்டுக்கு வந்து சுவரில் ஒட்டி, இறக்கையைக் கூரை மாதிரி உடம்பின் மேல் மடித்திருந்தால், நுனி தடித்த உணர்கொம்புகளும் தெரிந்தால், அது குழிநரி. பகலில் இறக்கையை விரித்தபடியே உட்கார்ந்து, கண் பெரிதாக, உணர்கொம்பு இருப்பதே தெரியாத அளவு சிறிதாக இருந்தால் தட்டான்.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் கொட்டாங்கச்சியில் பொடிமண் போட்டு வளர்க்கலாம். சில நாளுக்கு ஒரு எறும்பு போதும், பட்டினியும் நன்றாகவே தாங்கும். கூடு கட்டியதும் மறக்காமல் ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். ஏறித் தொங்க இடமில்லாவிட்டால் இறக்கை விரியாமல் சுருங்கிப்போகும்.