சைலஜா டீச்சரும் உங்கள் ஊராட்சியும்

அன்புள்ள ஐயா,

முப்பது ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கச் சொல்லி ஊரார் கேட்கிறார்கள். மகனோ, "தாய்மார்களுக்கு நல்லது சொல்வது வேறு, அரசியல் வேறு" என்கிறான். கேரளத்தில் சுகாதார அமைச்சராக இருந்த சைலஜாவைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். அவர் டாக்டர்கூட இல்லையே, எந்தத் தகுதியில் சுகாதாரத் துறையை நடத்தினார்?

ஒரு வாசகி, செங்கோட்டை

அன்புள்ள அம்மா,

டாக்டர் இல்லைதான். கண்ணூர் மாவட்டம் சிவபுரம் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. 1996இல் கூத்துப்பறம்பில் வென்று சட்டமன்றம் போனார். 2004இல் பள்ளி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு. 2016இல் சுகாதார அமைச்சர். ஆனால் டீச்சர் வேலையை அவர் விட்டதாகவே எனக்குத் தோன்றவில்லை.

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கம் நிபா என்ற கொடிய வைரஸ் காய்ச்சல் வந்தது. உறுதிசெய்யப்பட்ட 18 நோயாளிகளில் 16 பேர் இறந்தார்கள். நோயாளியைக் கவனித்த செவிலியர் லினியும் போய்விட்டார். காற்றிலேயே பரவும் என்று பயந்து ஜனங்கள் ஊரைவிட்டுக் கிளம்பத் தயாரானார்கள். சைலஜா நேரில் போனார். நோயாளியோடு நெருங்கிப் புழங்கினால்தான் தொற்றும், விலகி இருந்தால் பயமில்லை என்று விளக்கினார். நிபாவுக்குத் தடுப்பூசி கிடையாது. யார் யாரோடு பழகினார்கள் என்று தேடிப்பிடித்துத் தனிமைப்படுத்த வேண்டும்; ஊரே ஓடிவிட்டால் யாரைத் தேடுவது?

அவர் காலத்தில் கொரோனா பாதுகாப்பு உடைகளைக் கூடுதல் விலைக்கு வாங்கியதைத் தணிக்கை அறிக்கை பின்னாளில் சுட்டிக்காட்டியது. அதை நான் மறைக்க மாட்டேன். ஊராட்சியிலும் கொள்முதல் உண்டு, கணக்கில் கண் வையுங்கள். 2021இல் மட்டன்னூரில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தும் அவருக்கு மறுபடி அமைச்சர் பதவி கிடைக்கவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் வடகரையில் தோற்றார். இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்தே இறங்குங்கள்.

எனக்கு ஆறு வயதில் கடும் வயிற்றுப்போக்கு. உங்களைப் போல ஒரு செவிலியர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கரைத்து, அம்மாவின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். "நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொடுக்காதீர்கள்" என்றார். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொடுத்தாள். அந்தச் செவிலியர் தேர்தலில் நின்றிருந்தால் எங்கள் தெருவில் ஓர் ஓட்டுகூட வேறு பக்கம் போயிருக்காது.

நில்லுங்கள், அம்மா. மகனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.