கேசட்டா, புத்தகமா, எது முதலில்?

கேள்வி: முப்பத்திரண்டு வருடம் ஆசிரியர் வேலை. விடுமுறை நாட்களில் எங்கள் வட்டாரத்துப் பெரியவர்கள் பாடியதையும், ஊர் வரலாறு சொன்னதையும் கேசட்டில் பதிந்துவைத்தேன். 140 கேசட்டுகள், 12 நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. ஓய்வு பெற்றதும் புத்தகம் எழுத உட்கார்ந்தேன். மகனோ, "கேசட்டை ஓடவிட்டுப் பக்கத்தில் செல்போனை வைத்துப் பதிந்துவிட்டு, எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள்" என்கிறான். சிலவற்றில் குரல் மங்கியிருக்கிறது. சிலவற்றில் சுருதி ஏறிக் கேட்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: புத்தகத்தை மூடிவையுங்கள் ஐயா. கேசட்டையும் இன்று ஓட்ட வேண்டாம். முதலில் 140 உறைகளுக்கும் எண் போட்டு, ஒரு புது நோட்டில் எழுதுங்கள்: பாடியவர் யார், அப்போது என்ன வயது, எந்த ஊர், எந்த வருடம், கூட யார் இருந்தார்கள். உறைமேல் "அத்தை பாட்டு 2" என்றிருந்தால் அது எந்த அத்தை என்று சொல்ல உங்களைவிட்டால் ஆளில்லை. நினைவில்லாத இடத்தில் ஊகிக்காமல் கேள்விக்குறி போடுங்கள்.

பிறகு கேசட். மேல்விளிம்பில் இரு மூலையிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிட்டால், கை தவறி ரிக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அதைத் தனியே வையுங்கள். ஓட்டினால் ஹெட்டிலும் (நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் உறுப்பு) அடுத்த கேசட்டிலும் ஒட்டும்.

செல்போன் யோசனை வேண்டாம். அறையின் எதிரொலியும் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்துவிடும். போதாததற்கு அது ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்கும். டெக்கின் (கேசட்டை ஓட்டும் கருவி) லைன் அவுட் என்ற ஒலி வெளிவரும் துளையிலிருந்து கணினியின் லைன் இன் என்ற ஒலி வாங்கும் துளைக்கு ஒயர் போடுங்கள். மைக் இன்னில் செருகினால் குரல் பிளக்கும். பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஸ்டீரியோவில் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும். எல்லாமே 90 நிமிடக் கேசட்டாக இருந்தாலும் மொத்தம் 220 ஜிபிக்குள் அடங்கும்.

குரல் மங்குவதற்கு முதல் காரணம் ஹெட்டில் படிந்த அழுக்கு. பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். அப்படியும் மங்கினால், பெரும்பாலும் அன்று பதிந்த ஹெட்டும் இன்று ஓட்டும் ஹெட்டும் ஒரே கோணத்தில் இல்லை என்று பொருள். ஹெட் பக்கத்திலுள்ள சிறு திருகை மெல்லத் திருப்பி, "ச", "ஸ" ஒலிகள் எங்கே கூர்மையாகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். கணினியில் பதிவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை இது. அப்போது விட்டுப்போன கூர்மையைப் பின்னால் எந்த மென்பொருளும் முழுதாகத் திருப்பித் தராது.

சுருதிக்கு வருவோம். எல்லாக் கேசட்டிலும் ஏறியோ இறங்கியோ கேட்டால் கோளாறு பெரும்பாலும் டெக்கில். சிலவற்றில் மட்டும் ஏறினால், அன்று பேட்டரி தீர்ந்து ரிக்கார்டர் மெதுவாக ஓடியிருக்கும். கேசட் முடியமுடிய சுருதி இன்னும் ஏறுவது இதற்கு அடையாளம். வேகத்தில் 6 விழுக்காடு வித்தியாசம் வந்தாலே சுருதி அரைக் கட்டை நகர்ந்துவிடும். ஒரு கட்டையில் பாடியவரை ஒன்றரையில் பாடினார் என்று எழுதிவிடுவீர்கள்! கூடவே சுருதிப்பெட்டி ஒலித்திருந்தால் அதை வைத்துச் சரிபாருங்கள். மின்சாரத்தில் ஓடிய ரிக்கார்டர் என்றால் பின்னணியில் "ம்ம்" என்ற ரீங்காரம் பதிந்திருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் அது கணினியின் ஒலி மென்பொருளில் 53 என்று காட்டினால் 6 விழுக்காடு வேகம் கூடியிருக்கிறது. திருத்தத்தை நகலில் மட்டும் செய்யுங்கள், மூலக்கோப்பைத் தொடாதீர்கள்.

மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். கேசட்டுகளையும் தூக்கிப் போடாமல், காந்தம் உள்ள ஸ்பீக்கருக்குத் தள்ளி நிற்கவைத்து அடுக்குங்கள்.

புத்தகத்துக்கு முதலில் பத்துக் கேசட் போதும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கக் குறைந்தது நான்கு மணி நேரம் பிடிக்கும். பேச்சுவழக்கை இலக்கணமாகத் திருத்த ஆசிரியர் கை துறுதுறுக்கும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அச்சுக்குப் போகுமுன் பாடியவர்களின் குடும்பத்தாரிடம் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.