கொலையாளியை ஆவி காட்டிக்கொடுக்கலாமா?

கேள்வி: சிறு நகரம் ஒன்றில் நடக்கும் அமானுஷ்ய மர்ம நாவல் எழுதியிருக்கிறேன். ஏரியில் தவறி விழுந்து இறந்ததாக ஊர் நம்பும் ஆசிரியை ஒருவரின் கையெழுத்து, நூலகப் பதிவேட்டில் வெள்ளிக்கிழமைதோறும் புதிதாக விழுகிறது. துப்புத் துலக்குபவள் நூலகர். கடைசி அத்தியாயத்தில் ஆசிரியையின் ஆவியே தோன்றி, கொன்றவன் பெயரைச் சொல்லிவிடுகிறது. படித்த நண்பர்கள், 'பயமும் வரவில்லை, முடிவும் ஏமாற்றிவிட்டது' என்கிறார்கள். இன்னும் இரண்டு பேய்க் காட்சிகள் சேர்க்கட்டுமா?

பதில்: வேண்டாம். இருக்கும் ஆவியே போதும். அந்தப் பதிவேட்டுக் கற்பனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அதை வீணாக்கிவிடாதீர்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் முடிவு. மர்ம நாவல் படிப்பவர் நூலகரோடு சேர்ந்து தாமும் மூளையைக் கசக்குகிறார். யார் பொய் சொன்னது, அன்று யார் ஊரில் இல்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டே வருகிறார். ஆவி வந்து பெயரைச் சொன்னதும் அத்தனை உழைப்பும் பாழ். துப்பறியும் கதைகளுக்கு 1929-இல் பத்து விதிகள் வகுத்த ரொனால்ட் நாக்ஸ், அமானுஷ்யத்துக்கு இடமே இல்லை என்று இரண்டாம் விதியிலேயே சொல்லிவிட்டார். இத்தனைக்கும் அவர் ஒரு பாதிரியார்! உங்கள் நாவல் வேறு வகை, அவ்வளவு கறார் தேவையில்லை. ஆனால் ஆவிக்கு ஓர் எல்லை போடுங்கள். கையெழுத்திட மட்டுமே அதனால் முடியும். முதல் சில அத்தியாயங்களிலேயே வாசகருக்கு இது பிடிபட்டுவிட வேண்டும். அதன் பிறகு, எந்தப் புத்தகத்துக்கு நேரே கையெழுத்து விழுகிறது என்பதே துப்பு. அதைக் கடைசியாக எடுத்துப்போனவர் யார், கிழிக்கப்பட்ட பக்கத்தில் என்ன இருந்தது என்று தேடி, பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியவள் நூலகர்தான்.

இனி பயம். திகில் நாவல்கள் எழுதிய ஆங்கில எழுத்தாளர் ஆன் ராட்கிளிஃப் இறந்தபின் 1826-இல் வெளியான அவருடைய கட்டுரை ஒன்று, மங்கலாகத் தெரிவது மனத்தை விழிக்கவைக்கும், கண்ணெதிரே நிற்கும் கோரம் அதை உறையவைத்துவிடும் என்கிறது. உங்கள் நாவலுக்கு முதல் வகைதான் பொருந்தும். இப்போது கையெழுத்தைக் கண்டதும் நூலகர் அலறுகிறாள் அல்லவா? அந்த அலறலை எடுத்துவிடுங்கள். அவள் விரல் பட்டதும் மை இழுபடட்டும். விரலைத் துடைத்துக்கொண்டு, வரிசையில் அடுத்து நிற்பவரிடம் பதிவேட்டைத் திருப்பி வைக்கட்டும். அவரும் அந்தப் பெயரைப் படிக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. அதன்கீழ் ஒரு வரியைக் காலியாக விட்டுவிட்டு, தம் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போகிறார்.

எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில், ஒரு மரணத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்காவிட்டால் வாசகருக்கு அடிவயிறு தானாகக் கலங்கும். சிறு நகரத்தைக் களமாக எடுத்ததன் பலனே அதுதான். நீங்கள் அதை ஏறக்குறைய தொடாமலே விட்டிருக்கிறீர்கள்.

கொலையைப் பற்றிய எல்லாக் கேள்விக்கும் முடிவில் விடை இருக்க வேண்டும். கையெழுத்து எப்படி விழுந்தது என்பதை விளக்கவே வேண்டாம். திருத்தத்தைக் கடைசி அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். ஆவியின் வசனத்தை நீக்கிப் பாருங்கள். நூலகர் எதையெதைத் தானே கண்டுபிடித்தாக வேண்டும் என்பது தெரிந்துவிடும். அவற்றை முந்தைய அத்தியாயங்களில் ஒவ்வொன்றாகப் புதைத்துக்கொண்டு வாருங்கள்.