ரவுண்டானாவில் எந்தப் பக்கம் இண்டிகேட்டர்?

சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் நேராகப் போக நான்கு இண்டிகேட்டரையும் போடலாமா? நிறைய பேர் போடுகிறார்களே?

தயவுசெய்து போடாதீர்கள். அது வண்டி பழுதாகி நிற்கும்போது போடுவது. ரவுண்டானாவில் அடுத்த சாலையிலிருந்து உள்ளே வரக் காத்திருப்பவர் உங்களுக்கு இடப்பக்கம் இருக்கிறார். அவர் கண்ணில் படுவது உங்கள் இடது விளக்கு மட்டும்தான். சரி, இவர் வெளியே போகிறார் என்று நம்பி வண்டியை எடுப்பார். நீங்களோ நேராக அவர் முன்னால் வந்து நிற்பீர்கள். நேராகப் போக, நுழையும்போது எந்த இண்டிகேட்டரும் வேண்டாம். உங்கள் சாலைக்கு முந்தைய சாலையைத் தாண்டியதும் இடது இண்டிகேட்டர் போட்டு வெளியேறுங்கள். நம்மூரில் பலரும் போடாமல் விடுவது இந்த ஒன்றைத்தான். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது.

கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில் வலப்பக்கம் திரும்ப எந்த லேன்? லாரிகளுக்கு நடுவில் பயமாக இருக்கிறது.

நுழையும் முன்பே வலது இண்டிகேட்டர் போட்டு, வலது லேனுக்கு வந்துவிடுங்கள். நடுத்திட்டை ஒட்டியே சுற்றுங்கள். வெளியேறும் நேரத்தில் இடது இண்டிகேட்டர், இடது கண்ணாடி, அப்புறம் தலையைத் திருப்பி ஒரு பார்வை. இடம் கிடைக்கவில்லையா, இன்னொரு சுற்று சுற்றி வாருங்கள், குறுக்கே வெட்டாதீர்கள். லாரிக்கு இடப்பக்கம் ஒட்டிப் போகவே கூடாது. இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்வாங்கி வரும். பக்கத்தில் இருப்பவர் டிரைவர் கண்ணிலும் பட மாட்டார்.

உள்ளே நுழையும்போது யாருக்கு முதல் உரிமை?

ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு. 2017-ஆம் ஆண்டு மத்திய அரசின் ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் சொல்வதும் இதுதான். வலப்பக்கம் பார்த்து, வழி விட்டு நுழையுங்கள். போலீஸ்காரர் நின்றால் அவர் கை காட்டுவதே சட்டம்.

பைக்குக்கும் இதெல்லாம் உண்டா?

எல்லாம் உண்டு. பெரும்பாலான பைக்குகளில் இண்டிகேட்டர் தானாக அணையாது, திரும்பியதும் கையோடு அணைத்துவிடுங்கள்.

ஏற்காடு மலைப்பாதையில் எதிரே வண்டி வந்தால் யார் ஒதுங்க வேண்டும்?

இறங்குகிறவர். சேலத்திலிருந்து போகும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்து திரும்ப வளைவு முழுக்கத் தேவைப்படும். ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி எடுக்கும்போது பின்னால் உருளும். அதனால் இறங்குகிறவர் வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்து, எதிரில் பேருந்து தெரிந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.